வால்வு சூடாகற வரைக்கும்

செருப்ப அந்தப் படிக்குக் கீழயே விட்டுட்டு வாங்க தம்பி. சாக்ஸ் போட்டிருக்கீங்களா? இருக்கட்டும், சாக்ஸ் நல்லதுதானுங்க, நடந்தா சத்தம் வராது. போன மட்டும் இந்தப் பொட்டிக்குள்ள போட்டுருங்க. என்ற போனும் அதுக்குள்ளதான் கெடக்குது. சைலன்ட்ல வெச்சிருந்தாலும் உள்ள வேண்டாங்க. கால் வந்தா ஸ்பீக்கர்ல டிக்கிடி டிக்கிடின்னு ஒரு எரைச்சல் வரும் பாருங்க, எனக்கு மண்டையில ஆணி அடிக்கற மாதிரி இருக்கும்.

இப்பக் கதவச் சாத்துங்க. அப்படி இல்லீங்க, கைப்பிடியக் கொஞ்சம் மேல தூக்கி இழுக்கணும். ஆ, அவ்ளதான். ஓரத்துல ரப்பர் பட்டை ஒட்டியிருக்கறேன், காரு கதவுக்கு வெக்கறது. அதான் பிடிக்குது. காது அடைச்ச மாதிரி இருக்குதுங்களா? மொதல்ல வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. சித்த நேரத்துல பழகிரும்.

இந்தச் சேர்ல உக்காருங்க. அட, யோசிக்காதீங்க. அது என்ற சம்சாரம் வசந்தாமணியோட சேரு. இப்ப அவ உக்காரறதில்ல, உக்காரவும் முடியாது. நீங்க தாராளமா உக்காந்துக்குங்க.

ஆம்ப்ளிஃபயரப் போட்டுட்டேன். பாருங்க, அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள்ள கம்பி மெல்ல செவக்குது. வால்வு செட்டு இது. சுவிட்சப் போட்ட ஒடனே பாடற சாதி இல்லீங்க, நல்லா சூடாகணும். அதுவரைக்கும் பேசிட்டிருக்கலாம். முள்ள எறக்கிட்டா அப்பறம் யாரும் பேசக்கூடாது. அது இந்த ரூமோட சட்டம்.

நீங்க ரிப்பேருக்குக் குடுத்த ரெக்கார்ட் பிளேயர் மெஷினத் தொறந்து பாத்துட்டேனுங்க. மோட்டார் நல்லாவே இருக்குது. கணபதிங்கற ஏரியாவுல பம்பு மோட்டார் பட்டறை வெச்சிருந்தவன் நானு, மோட்டாரப் பத்தி எனக்கு வேற யாரும் சொல்ல வேண்டியதில்ல. தட்டச் சுத்தற ரப்பர் சக்கரம்தான் காஞ்சு கல்லாயிருச்சு. வருசக்கணக்கா ஓட்டாம ஒரே எடத்துல அழுத்தி நின்னதுல ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்குது. சக்கரம் சுத்தறப்ப அந்தப் பள்ளம் வந்து வந்து இடிக்கும். டப்பு, டப்புன்னு. உங்களுக்கு அது பாட்டோட தாளம்னு தோணும், எனக்குக் கோளாறுன்னு தெரியும். கடைசல்ல போட்டுத் தேச்சு புது ரப்பர் ஏத்திரலாம். எங்கிட்ட வந்த மெஷின் எதுவும் ஊமையாத் திரும்பிப் போனதில்லீங்க.

யாருக்குங்க இது? அம்மாவுக்கா? பழைய பாட்டுத் தட்டெல்லாம் கேக்கணும்னு ஆசப்படறாங்களா, சரி சரி. கேக்கறப்பக் கூடவே பாடுவாங்களா? பாடுவாங்களா! அப்ப இப்பவே சொல்லி வையுங்க தம்பி. பழக விட்டுட்டா கஷ்டம்.

வசந்தாமணி பாடுவா. நல்லாத்தான் பாடுவா, இல்லைன்னு சொல்லல. எங்க வீட்டுக்கு வந்த மொத ரெக்கார்ட் பிளேயரே அவ கொண்டு வந்ததுதான். எங்க மாமனார் சீரு வண்டியில கட்டில், பீரோ, அண்டா குண்டாவோட இதையும் ஒரு சேலையில சுத்தி வெச்சு அனுப்புனாரு. அன்னைக்கு எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. ஞாயித்துக்கெழம மத்தியானம் அவ தட்டப் போட்டுட்டு, சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டே கூடப் பாடுவா. நான் பேப்பர் படிப்பேன். ஒரு நாள் அது சுத்தாம நின்னு போச்சு. நான்தான் தொறந்து பாத்தேன். தொறந்தவன் இன்னைக்கு வரைக்கும் மூடல. அதுக்குள்ள என்ன அழகு தெரியுங்களா, அந்தக் காலத்துக்காரன் ஒவ்வொரு திருகாணிக்கும் யோசிச்சிருக்கறான்.

சரி பண்ணி ஓட்டிக் கேக்கறேன், இவ கூடப் பாடறா. "அம்மிணி, சித்த சும்மா இரு, மோட்டார் சத்தம் போயிருச்சான்னு பாக்கணும்"னேன். சும்மா இருந்தா. அதுக்கப்பறம் பாடவே இல்ல. நான் பாடாதேன்னு சொல்லவே இல்லீங்க. சித்த சும்மா இருன்னுதான் சொன்னேன். அவளா விட்டுட்டா. அவ சுபாவம் அப்படி.

இந்த ரூம் மின்ன அவ தையல் மெஷின் போட்டிருந்த ரூமு. வீட்டுலயே இதுதான் அளவா, சதுரமா இல்லாம நீளவாக்குல இருக்குது, பாட்டுக்கு இப்படித்தான் வேணும். ஜன்னலச் செங்கல் வெச்சு அடைச்சுட்டேன். செவத்துக்கு மேல ஒரு செவுரு, ரெண்டுக்கும் நடுவுல பஞ்சு. மேல தென்ன நார் பலகை. கதவுக்குப் பின்னால இன்னொரு கதவு. வெளிய லாரி போனாலும் தெரியாது, மழை பேஞ்சாலும் தெரியாது. ஒரு நிமிசம் பேசாம இருந்து பாருங்க.

கேக்குதுங்களா? காதுக்குள்ள ஒரு ஊசிச் சத்தம், அதுக்குக் கீழ திம் திம்முன்னு? அது உங்க ரத்தம் ஓடறதுங்க. இதக் கேட்டுட்டு ஒருத்தரு எந்திரிச்சே போயிட்டாரு. "மூச்சு முட்டுதுங்க"ன்னாரு. காத்து வர்றதுக்குக் கொழாய் வெச்சிருக்கறேன், மூச்சு எப்படி முட்டும்? மனுசங்களுக்கு அமைதி பழக்கமில்ல, அதுதான் விசயம்.

ஆனா ரூமக் கட்டுனாப் போதாது தம்பி. இதத்தான் யாரும் புரிஞ்சுக்கறதில்ல. முள்ளு பாட்ட மட்டும் எடுக்காது, வீட்டையே எடுக்கும். தட்டோட மயிரிழைப் பள்ளத்துல இருக்கற நெளிவெல்லாம் அதுக்குத் தெரியுதுன்னா, தரையில ஒரு ஆளு நடக்கறது தெரியாதுங்களா? சமையக்கட்டுல சட்டுவத்தக் கீழ போட்டா இங்க ஸ்பீக்கரோட காயிதக் கூம்பு முன்னால வந்துட்டுப் போகும். நான் பாத்திருக்கறேன்.

அதனால வீட்டக் கொஞ்சம் பழக்குனோம். மொதல்ல செருப்பு. வீட்டுக்குள்ள போடற ரப்பர் செருப்பு கூட சளக் சளக்குங்குது, வேண்டாம்னுட்டேன். கொலுச அவளே கழட்டிட்டா. காலிங் பெல்ல எடுத்துட்டேன். நாய் ஒண்ணு இருந்துது, பட்டறை வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டேன். அதுக்கு மட்டும் ரெண்டு நாள் மொகத்தத் தூக்கி வெச்சிருந்தா. குக்கர் விசில், மிக்ஸி, கிரைண்டர், இந்த மூணுந்தான் பெரிய கெரகம். என்ன பண்ணலாம்னு யோசிச்சு, மொட்ட மாடியில தகரம் போட்டு ஒரு சின்ன எடம் கட்டி, கரண்ட் இழுத்து, எல்லாத்தையும் மேல ஏத்திட்டேன். அரைக்கணும்னா மேல போய் அரைச்சுட்டு வந்துர வேண்டியதுதான். ஒரு நாள் கூட மொணங்குனதில்லீங்க. "உங்களுக்கு எது எடஞ்சலோ அத எடுத்துருங்க"ம்பா. அந்த மாதிரி சம்சாரம் கெடைக்கணும்.

என்னங்க, சிரிக்கறீங்க? இல்லீங்களா. சரி.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். எனக்கு ஆறவே இல்லீங்க, அதான் சொல்றேன். போன ஐப்பசி. மழைன்னா மழை, ஓயவே இல்ல. அந்தோ தெரியுதே, அந்த ஜெர்மன் மெஷின், அத அப்பத்தான் முடிச்சிருந்தேன். எந்தப் பட்டறைக் கழிவுலயோ கெடந்து வந்தது. தட்டச் சுத்த விட்டுட்டுப் போயி சாப்புட்டு வந்தாக்கூட வேகம் மாறாது. அன்னைக்கு மத்தியானம் மொத மொதல்ல ஒரு புல்லாங்குழல் தட்டப் போட்டு உக்காந்தேன். புல்லாங்குழல் எதுக்குன்னா, அதுல மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. தவுலு, மிருதங்கம் இருந்துச்சுன்னா மெஷினோட கோளாறெல்லாம் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும்.

அருமையா ஆரம்பிக்குது. கண்ண மூடிட்டேன். பாதி தாண்டுனதும் திடீர்னு அடியில, டொம். சன்னமாத்தான். என்றா இதுன்னு பாக்கறேன், மறுபடி டொம், டொம். அப்பறம் ஒண்ணுமில்ல. சரி போச்சுன்னு நெனைக்கறேன், டொம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் நீங்களே சொல்லுங்க. ஒருவேள தட்டுலயே பதிஞ்சிருக்குதோன்னு திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் வருது. வேற தட்டு போட்டேன், அதுலயும் வருது. அப்ப மெஷின்தான்னு முடிவாயிருச்சு. ஆனா மெஷின்ல கோளாறுன்னா அது ஒழுங்கா வரணுங்க, சுத்துக்கு ஒருக்கா வரணும். இது ஒழுங்கில்லாம வருது. ரெண்டு மூணு சேந்தாப்புல வருது, அப்பறம் களைச்சுப் போன மாதிரி நிக்குது, மறுபடி ஆரம்பிக்குது. அதுதான் என்னையக் கொழப்பிருச்சு. ஸ்பீக்கர்ல காத வெச்சுக் கேட்டேன். போகப் போக எடைவெளி அதிகமாச்சு, சத்தமும் கொறஞ்சுது.

தட்டக் கழட்டி, நடு அச்சத் தொடைச்சு, பழைய எண்ணெய எடுத்துட்டுப் புது எண்ணெய் விட்டேன். மெதுவாத்தான் செஞ்சேன், அவசரப்படற வேலை இல்ல அது. மறுபடி பூட்டி, முள்ள எறக்குனேன் பாருங்க. இல்ல! டொம்முங்கற பேச்சே இல்ல. சுத்தமா நின்னு போச்சு. எனக்கு அன்னைக்கு வந்த சந்தோசம் என்ற கல்யாணத்துக்குக் கூட வரலீங்க. ஒரு பக்கம் முழுக்க கண்ணத் தொறக்காமக் கேட்டேன்.

அப்பறம்தான் டீ ஞாபகம் வந்துச்சு. பொழுது எறங்கற நேரத்துக்குக் கதவுக்கு வெளிய ஸ்டூல் மேல டீய வெச்சுட்டுப் போயிருவா, தட்டக்கூட மாட்டா. கதவத் தொறந்தா ஸ்டூல் மேல டீ இல்ல. கூப்புடறேன், பதில் இல்ல. பின்னால போய்ப் பாத்தா மாடிப்படிக்குக் கீழ விழுந்து கெடக்கறா.

இந்தச் செவத்துக்கு அந்தப்பக்கம்தானுங்க படி. கொள்ளு அரைக்க மேல போயிருக்கறா. எறங்கறப்ப மழைத் தண்ணியில காலு வழுக்கிருச்சு. வெறுங்காலு. ஒரு செருப்புப் போட்டுட்டு எறங்கியிருந்தா பிடிமானம் இருந்திருக்கும், அத யாரு யோசிச்சா? இடுப்பு எலும்பு ஒடிஞ்சு போச்சு. எந்திரிக்க முடியல. கத்திப் பாத்திருக்கறா, மழைச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? கையில இருந்த மிக்ஸி ஜார எடுத்து செவத்துல இடிச்சிருக்கறா. ஜாரு நசுங்கிப் போச்சு. செவத்துல பூச்சு உதுந்து அவ மேலயே கெடக்குது. மயக்கமா கெடந்தா.

அதப் பாத்த ஒடனே எனக்குப் புரிஞ்சு போச்சு, மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைன்னு.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டமுங்க. நான்தான் தூக்கிட்டுப் போனேன், இந்த வயசுல. என்ற கண்ணுல தண்ணி நிக்கல. ஆபரேசன், இரும்புத் துண்டு வெச்சது, எல்லாத்துக்கும் கூடவே இருந்தேன். மக சுகந்தி ஓசூர்ல இருந்து ஓடி வந்தா. வந்தவ ஆஸ்பத்திரி வராந்தாவுல வெச்சு என்னையக் கேக்கறா, "ஏனுங்கப்பா, அம்மா செவத்துல தட்டுனது உங்களுக்குக் கேட்டுச்சா?"ன்னு. "கேட்டுச்சு கண்ணு, நல்லாத் தெளிவாக் கேட்டுச்சு"ன்னேன். உண்மையத்தானே சொன்னேன்? வேற எந்த மெஷின்லயும் அது கேட்டிருக்காதுங்க, அவ்ளோ சுத்தமான மெஷினு அது. அதுக்கு அந்தப் புள்ள செவத்துல சாஞ்சு உக்காந்து அழுகறா. என்ன சொன்னாலும் நிறுத்தல.

அதுக்கப்பறம் என்ன செஞ்சேன் தெரியுங்களா? சும்மா இருக்கல. இனி அப்படி ஒரு எடஞ்சல் வரவே கூடாதுன்னு, மெஷினுக்கு அடியில தரைய வெட்டி எடுத்துட்டு, மண்ணுக்குள்ள இருந்து ஒரு கருங்கல் தூணு நிறுத்துனேன். குனிஞ்சு பாருங்க, தூணச் சுத்தி எடைவெளி இருக்குதா? தரையத் தொடாது, செவத்தத் தொடாது. மெஷின் அதுமேல தனியா நிக்குது. இப்ப அந்தச் செவத்துல சம்மட்டி எடுத்து அடிச்சாலும் முள்ளுக்குத் தெரியாது. செஞ்சு பாத்துட்டேன்.

வசந்தாமணி அந்தக் கடைசி ரூம்ல படுத்திருக்கறா. கடப்பாக்கல் தரை, காத்தோட்டமான ரூமு. கட்டில்ல தலைப்பக்கம் ஏறி எறங்கறதுக்கு நானே மோட்டார் வெச்சுக் குடுத்திருக்கறேன், என்ற கையால கம்பி சுத்துனது, துளி சத்தம் வராது. டாக்டர் சொல்லிட்டாரு, காலு வீங்குதான்னு பாக்கணும், திடீர்னு மூச்சு வாங்குனாலோ நெஞ்சு அடைச்சாலோ ஒரு நிமிசம் தாமதிக்கக் கூடாது, தூக்கிட்டு வந்துரணும்னு. கால்ல ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறிருமாமா. சுகந்தி அதப் பிடிச்சுக்கிட்டு, அம்மா கையில ஒரு மணி குடுத்துட்டுப் போனா. பூச மணிங்க. ஒரு வாரம் பாத்தேன். கிணி கிணின்னு, ரூமுக்குள்ள வராதுதான், ஆனா கதவத் தொறந்தா மூடுனா அந்தச் சத்தம் காதுலயே நிக்குது. எடுத்து பூச ரூம்ல வெச்சுட்டேன்.

சும்மா எடுக்கல. அதுக்குப் பதிலா அதவிட நல்லது ஒண்ணு செஞ்சேன். பம்புப் பொட்டியில இருக்குமே, பச்சைப் பொத்தான், அது ஒண்ண அவ கைக்குப் பக்கத்துல கட்டில்ல பூட்டி, ஒயர இங்க கொண்டாந்து ஒரு செகப்பு ஜீரோ வாட் பல்பு மாட்டியிருக்கறேன். அவ அமுக்கிப் பிடிச்சா எரியும், கையெடுத்தா அணையும். சத்தமே இல்ல. எப்படி யோசனை? மொதல்ல ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுலதான் வெச்சேன். வெளக்க அணைச்சுட்டுக் கேக்கறப்ப மினுக்கு மினுக்குன்னு கண்ண உறுத்துச்சு. அதனால நமக்குப் பின்னால, கதவுக்கு மேல மாத்திட்டேன்.

எதுக்கெல்லாம் அமுக்குவாங்கறீங்க! தண்ணி வேணும்பா, பேன் வேகம் கொறைக்கணும்பா. ஒரு நாள் போய் நிக்கறேன், "ஒண்ணுமில்லீங்க, இருக்கீங்களான்னு பாத்தேன்"ங்கறா. அதுக்கப்பறம் ஒரு ஒழுங்கு வெச்சுட்டேன். ஒரு பக்கம் முடிஞ்சு முள்ளத் தூக்குனதும் போய்ப் பாப்பேன். எடையில எந்திரிக்க மாட்டேன். அவளுக்கும் அது தெரியும்.

பாத்துக்க மரகதம்னு ஒரு பொம்பளையப் போட்டிருந்தா சுகந்தி. நல்ல பொம்பளைதான், கை சுத்தம். ஆனா வீடு தொடைக்கறப்ப மொணமொணன்னு ஏதோ பாடிக்கிட்டே இருப்பா. அது போதாதுன்னு, ஒரு நாள் போய்ப் பாக்கறேன், வசந்தாமணியும் படுத்துக்கிட்டே கூடப் பாடறா. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. எத்தன வருசமா என்ற வீட்டுல பாடாதவ. மரகதத்த வேண்டாம்னு அனுப்பிட்டேன். நான் பாத்துக்க மாட்டனா என்ற சம்சாரத்த?

அதுதான் சுகந்திக்கு எட்டிருச்சு. இன்னைக்குப் பொழுதோட வண்டி எடுத்துட்டு வர்றா, அம்மாவக் கூட்டிட்டுப் போறதுக்கு. "இந்த வீட்டுல இருந்தா எங்கம்மா செத்துப் போயிரும்"னு போன்ல சொல்றா. பெத்த அப்பன்கிட்டப் பேசற பேச்சாங்க இது? எனக்கு வலிக்குதுங்க தம்பி. நான் கை நீட்டி ஒரு அடி அடிச்சதில்ல, ஒரு கெட்ட வார்த்தை பேசுனதில்ல, சத்தம் போட்டே பேசுனதில்ல. இந்த வீட்டுல சத்தமே கெடையாது. ஊர்ல எந்த வீட்டுல அப்படி இருக்குது? நீங்க இன்னைக்கு வந்தது நல்லதாப் போச்சு. அவ வர்ற வரைக்கும் இருங்க. வேத்து மனுசரு நீங்க, நாஞ் சொன்னா நம்ப மாட்டா. "உங்கப்பா வீட்ட எப்படி வெச்சிருக்கறாரு பாரு"ன்னு அவகிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்க.

வசந்தாமணி என்ன சொல்றாளா? போறேன்னும் சொல்லல, இருக்கறேன்னும் சொல்லல. காலையில கஞ்சி குடுக்கறப்ப, "நெஞ்ச என்னவோ அழுத்தற மாதிரி இருக்குதுங்க"ன்னா. மக வர்றால்ல, அந்தப் பரபரப்பு. "ஒண்ணுமில்ல அம்மிணி, கண்ண மூடிப் படு"ன்னேன். காலு ஒண்ணு கொஞ்சம் தடிச்சாப்புல தெரிஞ்சுது. படுத்தே கெடந்தா யாருக்கும் தடிக்கத்தானே செய்யும்? சுகந்திகிட்ட நான் அதச் சொல்லல. சொன்னா அதுக்கு ஒரு ஆர்ப்பாட்டம் பண்ணுவா.

அட, எங்க எந்திரிக்கறீங்க? வால்வு இப்பத்தான் பதமாச் சூடேறியிருக்குது. பாத்தீங்களா எப்படிச் செவந்திருக்குதுன்னு? இந்த நேரத்துல போறேங்கறீங்களே. போய் அவள ஒரு தடவ பாத்துட்டு வரச் சொல்றீங்களா? அவ தூங்குவா இந்நேரம். நாங் காலையில போய்ப் பாத்தனே. உக்காருங்க. உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கறது எது தெரியுங்களா? அன்னைக்கு மொதத் தடவ என்னைய முழுசாக் கேக்க விடாத அதே புல்லாங்குழல் தட்டு. இப்பக் கேட்டுப் பாருங்க, எவ்ளோ சுத்தம்னு தெரியும்.

தூசி தொடைச்சாச்சு. முள்ள எறக்கறேன். இனிமே பேச்சு இல்ல.

…கேட்டீங்களா? வாசிக்கறதுக்கு மின்ன மூச்சு இழுக்கறாரு பாருங்க. அந்த மூச்சு கேக்குது. அவரு செத்து எத்தனையோ வருசமாச்சு, அவரு மூச்சு இந்த ரூம்ல கேக்குது. சரி, பேசல.

…என்னங்க தம்பி? மெதுவாச் சொல்லுங்க. மெஷினோட மூடி மேல செகப்பா என்னமோ மினுக்குதா? அது பின்னால இருக்கற பல்புங்க. கண்ணாடி மூடியில தெரியுது. அதப் பாக்காதீங்க, பாட்டப் பாருங்க.

…ஆமாங்க, அமுக்கறா. விட்டு விட்டு அமுக்கறா. தண்ணியா இருக்கும். சொம்பு பக்கத்துலதான் இருக்குது. பாதிப் பக்கம் தாண்டியாச்சு, முடிஞ்சதும் போலாம். நீங்க திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க. மொகத்த நேரா வெச்சாத்தான் ரெண்டு ஸ்பீக்கர் சத்தமும் நடுவுல வந்து சேரும்.

…வேகமா எரிஞ்சு எரிஞ்சு அணையுதுங்கறீங்க. ஒயர்ல லூஸ் கான்டாக்டா இருக்கும். மழை ஈரம். நாளைக்குப் பாக்கறேன். ஷ்ஷ்… இந்த எடத்துலதான் அன்னைக்கு மொத டொம் வந்துது. கேளுங்க. இருக்குதா? இல்ல. ஒண்ணுமே இல்ல. செவத்துக்கு அந்தப்பக்கம் ஒரு உலகமே இல்லாத மாதிரி இருக்குதுங்களா? இதுக்குத்தானுங்க இத்தன பாடுபட்டேன்.

…அட, இதோ பாருங்க. நாஞ் சொல்லல? மினுக்கறது நின்னு போச்சு. அணையலீங்க, எரியுது, அப்படியே ஆடாம அசையாம எரியுது. பொத்தான் ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது. நல்லதாப் போச்சு, இனிக் கண்ண உறுத்தாது. பாருங்க, அந்தச் செகப்புல தட்டு சுத்தறது கூட ஒரு அழகாத்தான் இருக்குது. இன்னும் கொஞ்சந்தான், கடைசிச் சுத்துக்கு வந்துருச்சு.

தம்பி? தம்பி, எங்க போறீங்க? கைப்பிடியத் தூக்கித் தள்ளணும்… அப்படி அடிக்காதீங்க, ரப்பர் பிஞ்சுரும்! பாட்டு முடியலீங்க… ஓடாதீங்க தம்பி, வீட்டுக்குள்ள ஓடக்கூடாது! யாரக் கூப்புடறீங்க? எதுக்கு இப்படிக் கத்தறீங்க? அவகிட்ட இருந்து ஒரு சத்தமும் இல்லீங்களே, தூங்கறா, தூங்கறவள எதுக்கு எழுப்பறீங்க?

ஏனுங்க! கதவு! போறது போறீங்க, கதவச் சாத்திட்டுப் போங்க!